காதல் மணமும் தன்னுரிமை நாயகியரும் (ஆங்கில நாவல், 1778–1818)

ரொமான்டிக் காலம் என வழங்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கில நாவலில் செழித்த கதைப்பொருள். வீட்டார் பார்த்த வரனை மறுத்து, மனத்துக்குப் பிடித்தவனை மணக்கும் பெண்ணே இதன் மையம். பெண்கள் பலர் எழுத, சந்தா நூலகங்கள் அவற்றை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. இந்த நாயகியின் சுதந்திரம் பெரும்பாலும் மறுக்கும் சுதந்திரம்தான். பெண் கேட்பது ஆணின் வேலை. வேண்டாம் என்று சொல்வது மட்டுமே அவள் கையில் இருந்தது.

அந்த மறுப்பின் கனத்தை அறிய அன்றைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் தேவாலயத்தில் ஓலை வாசித்தோ உரிமம் பெற்றோதான் மணம் முடிக்க முடியும். உரிமம் வழியாக மணப்பவருக்கு 21 வயது நிரம்பாவிட்டால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஸ்காட்லாந்தை இச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. எல்லையோரச் சிற்றூரான கிரெட்னா கிரீன் உடன்போக்குக்குப் பேர்போனது அதனால்தான். மணமானதும் பெண்ணின் ரொக்கமும் சம்பாத்தியமும் கணவனைச் சேர்ந்தன. நிலத்தின் வருமானமும் அவன் கைக்குப் போனது. வசதியான குடும்பங்கள் முன்கூட்டியே பத்திரம் எழுதிச் சொத்தில் ஒரு பகுதியைக் காத்துக்கொண்டன. மறுமணத்துக்கு வழிவிடும் விவாகரத்து வேண்டுமானால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற வேண்டும்.

சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிசா' (1747–48) வீட்டார் திணித்த வரனை மறுத்தவள். கதை அவளைச் சாகவைத்தது. மறுத்த பின்னும் வாழ்ந்துகாட்டும் நாயகி ஃபேனி பர்னியின் 'எவலினா'வில் (1778) வருகிறாள். பர்னியின் அடுத்த நாவலான 'சிசிலியா' (1782) இன்னும் கூர்மையானது. சிசிலியாவுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு தரும் எஸ்டேட்டை எழுதிவைத்த சித்தப்பா, அவளை மணப்பவன் அவள் குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்று உயிலில் ஒரு நிபந்தனை போட்டுவிடுகிறார். காதலனின் குடும்பமோ தன் பெயரைக் குலதெய்வம்போல் பூசிப்பது. முடிவில் எஸ்டேட்டை இழந்துதான் அவள் அவனை அடைகிறாள். பர்னியும் 1793இல், தந்தைக்கு விருப்பமில்லாத நிலையில், கையில் காசில்லாத பிரெஞ்சு அகதி அதிகாரி ஒருவரை மணந்துகொண்டார்.

ஷார்லட் ஸ்மித் இதற்கு நேர்மாறான அனுபவத்திலிருந்து எழுதியவர். 15 வயதில் கட்டிவைக்கப்பட்டு, ஊதாரிக் கணவனோடு கடன்காரர் சிறையிலும் இருந்து, பிறகு பிரிந்து, பேனாவால் பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய 'எம்மலின்' (1788) நாயகி, நெருக்கடியில் கொடுத்த வாக்கையே பின்னர் முறித்துக்கொண்டு வேறொருவரை மணக்கிறாள். ஆன் ராட்கிளிஃபின் 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' (1794) கோட்டை, இருட்டு, அலறல் என்று பயமுறுத்தினாலும் அதன் வில்லனுக்கு வேண்டியது எமிலியின் கையெழுத்து. அவளுக்கு வரவேண்டிய நிலத்தைப் பறிக்கும் பத்திரத்தில். அந்தக் காலப் பேய்க்கதைகளில் இவ்வளவு நடைமுறை அறிவுள்ள வில்லன்கள் குறைவு.

பிரெஞ்சுப் புரட்சியின் சூட்டில் சிலர் இன்னும் தொலைவு சென்றனர். மேரி ஹேஸின் 'எம்மா கோர்ட்னி' (1796) நாயகி தன் காதலைத் தானே சொல்கிறாள், மணமின்றி வாழவும் தயார் என்கிறாள், அவன் மறுத்துவிடுகிறான். விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் முடிக்காமல் விட்ட 'மரியா' காதல் மணத்தையே சந்தேகிக்கிறது: தானே விரும்பி மணந்த கணவன்தான் மரியாவைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கிறான். ஆசிரியர் 1797இல் இறந்தபின், மறு ஆண்டு கணவர் வில்லியம் காட்வின் அந்நாவலையும் மனைவியின் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். அவர் ஒளிவின்றி எழுதிய அந்தரங்கம் பெரும் தூற்றலைக் கிளப்ப, பெண்ணுரிமை பேசும் நாயகி சில காலம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. மரியா எட்ஜ்வர்த்தின் 'பெலிண்டா' (1801) நிதானமானவள். அவளுக்கும் தணிக்கை தப்பவில்லை. அதில் கறுப்பினப் பணியாளர் ஒருவர் ஆங்கிலேயப் பெண்ணை மணப்பதாக இருந்த பகுதி 1810 பதிப்பில் நீக்கப்பட்டது. காதல் மணத்துக்கு எல்லை எங்கே போடப்பட்டது என்பதை இது காட்டிவிடுகிறது.

தாழ்ந்த குரலிலேயே மிகுதியாகச் சொன்னவர் ஜேன் ஆஸ்டின். 1802 டிசம்பரில், சொத்துக்கு வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்க, மாலையில் சம்மதித்து மறுநாள் காலையில் மறுத்தவர். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாயகி எலிசபெத் இரண்டு பேரை மறுக்கிறாள். வீட்டுக்கு அடுத்த வாரிசான பாதிரியார் காலின்ஸை மறுப்பது துணிச்சல் என்றால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள டார்சியை மறுப்பது அன்றைய கணக்கில் கிறுக்குத்தனம். ஆனால் அதே காலின்ஸை அவள் தோழி ஷார்லட் லூகாஸ், 27 வயதில், ஒரு வீடு கிடைக்கும் என்பதற்காகவே ஏற்கிறாள். ஷார்லட்டை ஆஸ்டின் தண்டிக்கவில்லை. நாவலின் நேர்மை, என் பார்வையில், டார்சியிடம் இருப்பதைவிட இவளிடமே அதிகம். மறுத்த பணக்காரனே திருந்தித் திரும்பி வருவது எல்லாப் பெண்களுக்கும் நடப்பதில்லை. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) இன்னும் கடினமான சோதனை வைக்கிறது: சொந்தப் பணமே இல்லாத ஃபேனி பிரைஸ், வளர்த்த பெரியப்பா வற்புறுத்தியும் ஹென்றி கிராஃபர்டை ஏற்க மறுக்கிறாள், நன்றி கெட்டவள் என்ற பழியும் சேர்கிறது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) தமிழருக்கு வேறு வடிவில் பழக்கம்: ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) அதன் தழுவல்.

வால்டர் ஸ்காட், ஆஸ்டினின் 'எம்மா'வைப் பாராட்டி எழுதிய மதிப்புரையிலேயே, இன்றைய நாவல்கள் காதலை ஒதுக்கிக் கணக்குப் பார்க்கக் கற்றுத்தருகின்றன என்று குறைப்பட்டார். 'பர்சுவேஷன்' (1817) அதற்குப் பதில்போல் படிக்கத்தக்கது. மூத்தவரின் அறிவுரையால் 19 வயதில் காதலனைத் துறந்த ஆன் எலியட், 27 வயதில் அவனையே மணக்கிறாள். அப்போதும் ஆஸ்டின் தொகையை மறப்பதில்லை: காதலனான கடற்படை கேப்டன் வென்ட்வர்த்திடம் 25,000 பவுண்டு, ஆனின் தந்தையால் அவள் பங்கில் சிறு பகுதியைத்தான் தர முடிகிறது.

சூசன் ஃபெரியரின் 'மேரேஜ்' (1818) மறுபக்கத்தைக் கேலியாகக் காட்டியது. பிரபுவின் மகள் ஜூலியானா ஏழை ஸ்காட்லாந்து அதிகாரியோடு ஓடிப்போய், அவன் வீட்டு மலைப்பிரதேசக் குளிரைக் கண்டதும் காதலை மறக்கிறாள்.

அடுத்த தலைமுறையில் ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847) தன்னுரிமையைப் பணத்தோடு வெளிப்படையாகவே சேர்த்தது. சித்தப்பா விட்டுச்சென்ற 20,000 பவுண்டை நான்காகப் பிரித்து, தன் பங்கு ஐயாயிரத்தோடு ராச்செஸ்டரிடம் போகிறாள் ஜேன். நாவல் வெளிவந்தபோதிருந்த சட்டப்படி, பத்திரம் எதுவும் எழுதிவைக்காவிட்டால், அந்த ஐயாயிரமும் திருமண நாளன்றே ராச்செஸ்டருடையதாகிவிடும். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது.