இரட்டைப் பொறியும் ஒரு வழக்கும்

பெட்ரோல் இயந்திரத்தின் உயிர்நாடி தீப்பொறியாகும். உருளைக்குள் அழுத்தப்பட்ட காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக் பற்றவைக்க, பரவும் தீயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரு பக்கத்தில் தோன்றிய தீ மறுபக்கத்தை அடையச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் எஞ்சிய கலவை தானே வெடித்தால் இயந்திரம் அதிர்ந்து தட்டும். இரண்டு பிளக்குகளைப் பொருத்தினால் தீ கடக்கவேண்டிய தொலைவு குறைகிறது. கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் ஒரு தேயிலை நிரையை ஒருவரே கொய்து முடிப்பதற்கும், இருவர் இரு முனைகளிலும் தொடங்கி நடுவில் சந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம். மெதுவாக எரியும் இயல்புடைய, பெட்ரோல் குறைந்த கலவையும் இம்முறையில் நன்கு எரியும், எரிபொருள் மிச்சமாகும்.

இக்கருத்து புதியதன்று. வானூர்திகளில் ஒரு பொறி தவறினாலும் மற்றொன்று காக்கும் என்பதற்காக இரட்டைப் பொறியமைப்பு நிலைபெற்றது. இத்தாலியின் ஆல்ஃபா நிறுவனம் 1914-இல் பந்தயக் காரிலும், அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1928-இல் பொதுமக்களுக்கான காரிலும் இதனைக் கையாண்டன. 2001-இல் வெளிவந்த ஹோண்டா ஜாஸ் காரின் நான்கு உருளைகளுக்கு எட்டு பிளக்குகள் இருந்தன.

அவ்வாறாயின் இக்கருத்து யாருக்கு உரியது? இவ்வினா தமிழகத்தில் வழக்காகவே எழுந்தது. சிறிய உருளையில் இரு பிளக்குகளை அமைக்கும் முறைக்குப் பஜாஜ் நிறுவனம் 2002-இல் விண்ணப்பித்து, 2005-இல் காப்புரிமை பெற்றது. 2007-இல் டி.வி.எஸ். நிறுவனம் இரு பிளக்குகளும் மூன்று வால்வுகளும் கொண்ட ‘ஃபிளேம்’ மோட்டார் சைக்கிளைக் கொணர்ந்தபோது, இரு தரப்பும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடின. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டி.வி.எஸ்.ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை நீக்கியது.

அவ்வாண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், விற்பனைக் கணக்கைப் பேணி வண்டிகளை விற்கலாம் என்றது. மூல வழக்கை நவம்பர் இறுதிக்குள் முடிக்குமாறும் பணித்தது. காப்புரிமை வழக்குகள் இடைக்காலத் தடை பற்றிய வாதத்திலேயே ஆண்டுக்கணக்கில் தேங்குவதையும் அது கண்டித்தது. எனினும் இரு நிறுவனங்களும் சமரசம் கண்டது 2019-இல்தான்.

காப்புரிமை ஓர் எண்ணத்தைப் படைத்தவனுக்குக் குறித்த காலத்துக்கு மட்டுமே வேலியிடுகிறது. தீர்ப்புக்கே அக்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடின், வேலியால் உரியவனுக்கும் பயனில்லை. அடுத்த நிலத்தில் உழுபவனுக்கும் அமைதியில்லை. நொடியின் சிறு கூற்றைச் சேமிக்கப் பிறந்த நுட்பம் வழக்கில் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்டது.