காலாள் என்னவாகலாம்?

சதுரங்கப் பலகையின் கடைசி வரிசையைத் தொட்ட காலாள் என்னவாக மாறலாம்? செஸ் வகுப்புக்குப் போகும் ஆறு வயதுக் குழந்தைகூட யோசிக்காமல் 'ராணி' என்று சொல்லிவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு இந்தியாவில் வேறு பதில்கள் இருந்தன. அவற்றில் மிகச் சிக்கலான ஒன்று அச்சேறியது கல்கத்தாவில்.

1784-ல் ஆசியக் கழகத்தைத் தொடங்கிய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், கழக வெளியீட்டின் இரண்டாம் தொகுதியில், 1790-ல், இந்தியச் சதுரங்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ராதாகாந்த பண்டிதர் அவருக்குச் சொன்ன விதிகள் அதில் இருந்தன. தருமர் கேட்க வியாசர் விளக்குவதாக அமைந்த அந்த விதிகள் பவிஷ்ய புராணத்தில் உள்ளவை என்று பண்டிதர் சொன்னார். வங்காளத்துத் தர்மசாஸ்திர அறிஞர் ரகுநந்தனரின் 'திதிதத்துவ'த்திலும் இதே ஆட்டம் வருகிறது. நான்கு பேர் ஆடும் சதுராஜி அது.

கிழக்கே சிவப்பு, தெற்கே பச்சை, மேற்கே மஞ்சள், வடக்கே கறுப்பு என நாலு படைகள். ஒவ்வொன்றிலும் ராஜா, யானை, குதிரை, படகு, நான்கு காலாட்கள். தேர் நிற்க வேண்டிய மூலையில் படகு நிற்கிறது. ஆறும் கால்வாயுமான வங்காளத்தில் அது பொருத்தம்தான். யானை நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் போகும். படகுக்குக் குறுக்காக இரண்டு கட்டம் மட்டுமே. எந்தக் காயை நகர்த்துவது என்பதும் ஆடுபவர் கையில் இல்லை. பகடையில் ஐந்து விழுந்தால் ராஜா அல்லது காலாள், நாலுக்கு யானை, மூன்றுக்குக் குதிரை, இரண்டுக்குப் படகு.

காலாளின் பதவி உயர்வுக்கு 'ஷட்பதம்' என்று பெயர். எதிர்க்கரையில் எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறதோ, அந்தக் கட்டத்துக்கு உரிய காயின் வலிமை அதற்கு வந்துவிடும். குதிரைக் கட்டம் என்றால் குதிரை, யானைக் கட்டம் என்றால் யானை. ராஜா கட்டத்துக்கும் படகுக் கட்டத்துக்கும் இது செல்லாது. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. கையில் மூன்று காலாட்கள் மிச்சம் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது என்பது அந்த விதிகள் மேற்கோள் காட்டும் கோதமரின் கருத்து. ஒரே ஒரு காலாளும் ஒரே ஒரு படகும்தான் மிச்சம் என்றால், அந்தக் காலாள் ராஜாவாகவே ஆகலாம். வென்றுகொண்டிருப்பவனுக்குக் கட்டுப்பாடு, தோற்றுக்கொண்டிருப்பவனுக்குத் தளர்வு.

பகடை இல்லாத, இருவர் ஆடும் சதுரங்கத்திலும் இந்தக் கட்ட விசுவாசம் தொடர்ந்தது. குதிரை வரிசையில் ஏறிய காலாள் குதிரைதான். இழந்த காயைத்தான் இப்படி மீட்கலாம் என்ற கூடுதல் நிபந்தனையும் சில இடங்களில் இருந்தது. காலாள் முதல் நகர்விலும் ஓரடிதான் வைக்கும். கேஸ்லிங் இல்லை, அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரு முறை குதிரைபோலத் தாண்டலாம்.

இந்த நாட்டு விதிகளும் ஐரோப்பிய விதிகளும் நேருக்கு நேர் மோதிய ஊர் கல்கத்தா. ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேன் அங்கே பல பத்தாண்டுகள் தொழில் நடத்தினார். 1848 வாக்கில், யாரிடமும் தோற்காத ஆட்டக்காரர் ஒருவர் மஃபசிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அவர் மகேஷ் சந்திர பானர்ஜி. ஐரோப்பிய விதிகள் பழகாததால் முதலில் தோற்றார். அதன் பிறகு இருவரும் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் காக்ரேன் குறித்து வைத்தார்.

1855-ல் நடந்த ஓர் ஆட்டத்தில் மகேஷ் கறுப்புக் காய்களோடு குதிரையை முன்னே விட்டு, காலாளை g6-க்கு ஓரடி நகர்த்தி, பிறகு d5-ல் இன்னொரு காலாளால் மோதினார். ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு 1922-ல் இதே வழியைக் கையாண்ட பிறகு, அதற்கு அவர் பெயர் நிலைத்தது. காலாளுக்கு ஓரடி மட்டுமே அனுமதித்த நாட்டு விதியில் வளர்ந்த கை இப்படித்தான் ஆடும் என்பது வரலாற்றாளர்கள் தரும் விளக்கம். 'இந்தியத் தடுப்பு' என்ற பொதுப்பெயர் செஸ் உலகில் புழங்குவதற்கும் இந்தக் கல்கத்தா ஆட்டங்களே மூலம். மகேஷின் பாணி தங்கியது. அவர் வளர்ந்த விதிகள் மறைந்தன.

விதி மாற்றத்தை அரசியலாகப் பார்த்த கல்கத்தாக்காரர் சத்யஜித் ராய். 1977-ல் வந்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில், 1856-ன் லக்னோவில் இரண்டு பிரபுக்களுக்கு ஒரு முன்ஷி ஆங்கிலேய விதிகளை விளக்குகிறார்: மந்திரி இருந்த இடத்தில் ராணி, காலாளுக்கு முதல் நகர்வில் இரண்டடி, ஆட்டம் சீக்கிரம் முடியும். அவத் அரசும் அந்த ஆண்டே முடிந்தது.

எந்தக் காய் எதுவாக மாறலாம் என்ற சண்டை சதுரங்கத்தோடு நிற்கவில்லை. 1780-ல் ஜெர்மனியில் ஹெல்விக் சதுரங்கத்தைப் பெரிதாக்கிப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக ஆடும் அந்த விளையாட்டில் முதலில் மூன்றே வகுப்புகள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. குள்ளர் இனத்தவர் போர்வீரர் மட்டுமே ஆகலாம். எல்ஃப் இனத்தவர் மட்டும் போர்வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறி மாறி இருக்கலாம், அதுவும் ஒரு சாகசத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்தான்.

1978 விதிநூலில் விலக்குகள் பெருகின. மனிதரல்லாத இனத்தவர் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வகுப்புகளில் வளரலாம், ஆனால் உயரத்துக்கு வரம்பு உண்டு. மனிதர் வகுப்பு மாற்றலாம். அதற்குப் பழைய வகுப்புக்கு உரிய தகுதியில் 15, புதிய வகுப்புக்கு உரியதில் 17 புள்ளி வேண்டும். புதிய வகுப்பில் பழையதைத் தாண்டும் வரை பழைய திறமையைக் காட்டினால், அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளி போச்சு. கோதமர் படித்திருந்தால் ரசித்திருப்பார். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு யாரும் எதுவும் ஆகலாம் என்று கதவைத் திறந்தது. ஒவ்வொரு நிலையிலும் புது வகுப்பு எடுக்கலாம். ஆட்டக்காரர்கள் ஒரு வகுப்பில் ஒரு சிட்டிகை, இன்னொன்றில் ஒரு சிட்டிகை எனப் பொறுக்கிச் சேர்த்தார்கள். 2008-ல் நான்காம் பதிப்பு அதை இறுக்கிப் பிடித்தது. 2014-ல் மீண்டும் தளர்வு, 13 புள்ளித் தகுதியோடு.

செஸ் இந்த ஊசலாட்டத்தை எப்போதோ முடித்துக்கொண்டது. ஏற்கெனவே ராணி இருந்தாலும் காலாள் இன்னொரு ராணி ஆகலாம். ஆடுபவருக்கு அது சுதந்திரம்தான். விளைவு, பெரும்பாலும் எல்லாக் காலாட்களும் ஒரே பதவிக்குப் போகின்றன. எந்த வரிசையில் ஏறுவது என்ற கணக்கே விளையாட்டாக இருந்த பழைய முறை, அந்த அளவில் கூடுதல் யோசனை கேட்டது. சந்தேகம் இருப்பவர்கள் நாலு பேராக உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். சாதாரணப் பலகை போதும். நாலு நிறத்துக்குக் காய்களில் வண்ண நூல் கட்டிக்கொள்ளுங்கள். பகடையில் ஒன்றோ ஆறோ விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்.