அப்டேட் வந்திருக்கிறது: போடுவதா, விடுவதா?

"சேர், போன்ல அப்டேட் ஒன்று காட்டுது. போடவா, விடவா? போட்டா போன் ஸ்லோ ஆகும் என்கிறாங்களே."

ஆசிரியர் அறையில் மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். கேட்பவர் ஆங்கில ஆசிரியராகவும் இருப்பார், அதிபராகவும் இருப்பார். நான் கணினி கற்றவன் அல்லன். ஆனாலும் கேட்கிறார்கள் என்பதற்காகவே வாசிக்கத் தொடங்கினேன். "போடுங்கள்" என்பதே எனது சுருக்கமான பதில். ஏன் என்பதைச் சொல்ல எங்கள் மஹல்லாவில் நடந்த ஒரு விடயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளிவாசல் பொருளாளர் புறக்கோட்டையில் பஸ்ஸின் ஜன்னலோரம் அமர்ந்து வட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து ஒரு கை வந்தது, தொலைபேசி போய்விட்டது. அவருடைய கடவு இலக்கம் திருடனுக்குத் தேவைப்படவே இல்லை. திரை திறந்த நிலையில்தானே பறித்தான்? அன்றிரவு இஷாவுக்கு முன்னரே மஹல்லா குழுமத்தில் உள்ள பலருக்கு அவருடைய பெயரில் "அவசரமாகப் பணம் தேவை, காலையில் தந்துவிடுகிறேன்" என்று செய்தி போயிருந்தது. இருவர் அனுப்பியும் விட்டார்கள். ஆனால் அந்த மனிதர் அழுதது தொலைபேசிக்காகவும் அல்ல, அந்தப் பணத்துக்காகவும் அல்ல. அந்த வருடம் ஸகாத் பெற்ற குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அதில் புகைப்படமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் கொடுக்கப்பட்ட உதவி அது.

கையடக்கத் தொலைபேசி நமது சொந்தப் பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் இருப்பவற்றில் பாதி பிறருடைய அமானிதம். மாணவர்களின் புகைப்படங்கள், உம்மாவின் வைத்திய அறிக்கை, வெளிநாட்டில் இருக்கும் சகோதரி குடும்பத்துக்கு மட்டும் என்று அனுப்பிய படங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. இந்தக் கண்ணோடு பார்த்தால், அண்மைய அன்ட்ரொய்ட் பதிப்புகளில் வந்த மாற்றங்களில் எவை முக்கியமானவை, எவை வெறும் அலங்காரம் என்பது தானாகவே பிரிந்துவிடும்.

அன்ட்ரொய்ட் 15 பதிப்பை கூகுள் 2024 ஒக்டோபர் 15 இல் தனது பிக்சல் தொலைபேசிகளுக்கு வெளியிட்டது. நம் நாட்டில் அதிகம் பேர் கையில் இருக்கும் சம்சுங் தொலைபேசிகளுக்கு அது தாமதமாகவே வந்தது. பழைய மொடல்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்துதான் படிப்படியாகக் கிடைக்கத் தொடங்கியது. 2025 ஜூன் 10 இல் அன்ட்ரொய்ட் 16 உம் பிக்சலுக்கு வந்துவிட்டது. விளம்பரங்கள் புதிய நிறங்களையும் அசைவுகளையும் பற்றியே பேசுகின்றன. நான் பேச விரும்புவது திருட்டுப் பாதுகாப்பைப் பற்றி.

அது மூன்று பூட்டுகளைக் கொண்டது. முதலாவது, தொலைபேசியின் அசைவைக் கவனிக்கிறது. கையிலிருந்து திடீரெனப் பிடுங்கப்பட்டு, பிடுங்கியவர் ஓடுவது போலவோ வாகனத்தில் விரைவது போலவோ அசைவு தென்பட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். எங்கள் பொருளாளருக்கு நடந்தது சரியாக இதுதான். சில வேளைகளில் இது பிழைவிடலாம், நீங்களே பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் பூட்டிவிடலாம். திறந்துகொள்ள ஒரு நொடி போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, திருடன் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு தொலைபேசியைத் தொடர்ந்து பயன்படுத்த முயன்றால் பூட்டுவது. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி திருடர்கள் முதலில் செய்வது இணைப்பைத் துண்டிப்பதைத்தானே.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தூரத்திலிருந்து பூட்டுவது. தொலைபேசி பறிபோன பதற்றத்தில் கூகுள் கணக்கின் கடவுச்சொல் எத்தனை பேருக்கு நினைவு வரும்? இதில் அது தேவையில்லை. பக்கத்தில் நிற்பவரின் தொலைபேசியை வாங்கி, அன்ட்ரொய்ட் டொட் கொம் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடிட்டு ‘லொக்’ என்று சேர்த்து, அந்தப் பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் போதும். தொலைபேசி இணையத்தில் இருந்தால் திரை பூட்டப்படும். ஆனால் உங்கள் எண்ணை முன்கூட்டியே அமைப்புகளில் உறுதிசெய்து வைத்திருக்க வேண்டும். களவு போன பிறகு உறுதிசெய்ய முடியாது.

இனி, கடைக்காரர்கள் சொல்லாத இரண்டு விடயங்கள். இந்தப் பூட்டுகளுக்காகப் புதுத் தொலைபேசி வாங்க வேண்டியதில்லை. கூகுள் இவற்றை இயங்குதளத்துக்குள் மட்டும் அடைத்து வைக்காமல் தனது பிளே சேவைகள் வழியாக அனுப்பியது. அதனால் 2019 இல் வந்த அன்ட்ரொய்ட் 10 வரையான பழைய தொலைபேசிகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. மலிவான சில மொடல்களில் இல்லாதிருக்கலாம், தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது, இவை பெரும்பாலும் அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகின்றன. நாமாகத்தான் இயக்க வேண்டும். செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் போய் ‘தெப்ட் புரொடெக்ஷன்’ என்பதைத் தேடுங்கள். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ‘தெப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தாலும் வரும்.

அன்ட்ரொய்ட் 15 உள்ள பிக்சலிலும் புதிய சம்சுங்கிலும் இன்னொரு படி இருக்கிறது. கடவு இலக்கத்தைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து மனனம் செய்துவிட்டுத் திருடுபவர்களுக்கான தடை அது. வீடு, வேலைத்தளம் என்று நீங்கள் குறித்துவைத்த இடங்களுக்கு வெளியே, பூட்டை மாற்றுவது, சேமித்த கடவுச்சொற்களைப் பார்ப்பது போன்றவற்றுக்குக் கைரேகையோ முகமோ கட்டாயம். இலக்கம் தெரிந்திருந்தாலும் போதாது.

அடுத்தது ஆறு இலக்கங்களின் கதை. "தவறுதலாக ஒரு கோட் உங்களுக்கு அனுப்பிவிட்டேன், கொஞ்சம் அனுப்புங்கள்" என்று தெரிந்தவரின் எண்ணிலிருந்தே செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் அதே செய்தி உங்கள் மச்சானுக்குப் போகும். அன்ட்ரொய்ட் 15 இந்த ஒருமுறைக் குறியீடுகள் விடயத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறது. அறிவித்தல்களை வாசிக்க அனுமதி பெற்ற செயலிகள் நம்பகமானவையாக இல்லாவிட்டால், குறியீடு உள்ள அறிவித்தலின் உள்ளடக்கத்தை அவற்றிடமிருந்து மறைத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் நாமே வாய்விட்டு வாசித்துக் கொடுத்தால் எந்தப் பதிப்பும் தடுக்காது. வட்ஸ்அப்பின் உள்ளேயே இருக்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி ஒரு இரகசிய இலக்கத்தைப் போட்டுவைப்பதுதான் அதற்குரிய மருந்து.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் செயலிகள் மீதும் பிடி இறுகியிருக்கிறது. அவை சில ஆபத்தான அனுமதிகளைக் கேட்டால் இயங்குதளம் முதலில் மறுத்துவிடும். இது 13 இல் தொடங்கியது, 15 இல் விரிந்தது. 16 இல் இன்னும் ஒரு படி: உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, திரையையே கட்டுப்படுத்தும் அனுமதியை ஒரு செயலிக்குக் கொடுக்கப் போனால் தடுக்கிறது. "பேங்கில் இருந்து பேசுகிறோம், நான் சொல்வதை அப்படியே அழுத்துங்கள்" என்ற குரலுக்கு அஞ்சி அழுத்துகின்ற மூத்தவர்களுக்காகவே செய்தது போல் இருக்கிறது. இந்த இடத்தில் ஜீபி வட்ஸ்அப் பாவிக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அது வட்ஸ்அப் நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. யாரோ மாற்றியமைத்த ஒரு செயலிக்குள் முழுக் குடும்பத்தின் உரையாடலையும் கொட்டுகிறோம், மற்றவர் அழித்த செய்தியைப் பார்க்கலாம் என்ற ஆசைக்காக.

ஸூம் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் திரையைப் பகிர்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் கணக்கின் மீதியை முப்பது பிள்ளைகளும் அவர்களுடைய உம்மாமாரும் பார்த்தார்கள். பெரிய தொகை அல்ல என்பதுதான் இன்னும் வெட்கம். இப்போது முழுத் திரையையும் காட்டாமல் ஒரு செயலியை மட்டும் பகிர முடிகிறது. பகிரும் நேரத்தில் வரும் அறிவித்தல்களின் உள்ளடக்கத்தையும் 15 மறைக்கிறது.

பெற்றோர்கள் என்னிடம் பதற்றத்தோடு கேட்பது ‘பிரைவேட் ஸ்பேஸ்’ எனப்படும் தனி அறை பற்றி. தொலைபேசிக்குள் இன்னொரு பூட்டுப் போட்ட அறை. அதற்குள் வைத்த செயலிகள் பூட்டியிருக்கும்போது இயங்காது, அவற்றின் அறிவித்தலும் வெளியே வராது. அறை இருப்பதையே பட்டியலிலிருந்து மறைக்கவும் முடியும். பிக்சலில் இது 15 உடன் வந்தது. சம்சுங்கில் ‘செக்கியூர் போல்டர்’ என்ற பெயரில் இதே போன்ற வசதி பல வருடங்களாக இருக்கிறது, ஆகவே பிள்ளைகளுக்கு இது புதிதே அல்ல.

"பிள்ளை எதையோ மறைக்கிறான், எப்படிப் பிடிப்பது?" என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். ஸூரத்துல் ஹுஜுராத் பிறரைத் துருவி உளவு பார்ப்பதைத் தடுக்கிறது. ஸூரத்துந் நூர் பருவமடையாத சிறுவர்களைக்கூட பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களில் அனுமதி கேட்டு நுழையச் சொல்கிறது. தனிமை என்பதை மேற்கிலிருந்து வந்த சொல்லாகப் பார்க்கத் தேவையில்லை. அதே நேரம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பூட்டிய அறையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளவும் முடியாது. எனது முடிவு இதுதான்: அப்படி ஓர் அறை இருப்பது பெற்றோருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் அது இருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திறந்து பாருங்கள். அவன் தூங்கும்போது விரலைப் பிடித்து வைத்துத் திறக்கும் பெற்றோரையும் நான் அறிவேன். அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்ல வராது.

உண்மையில் இந்த அறை பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்கே அதிகம் பொருந்தும். வங்கிச் செயலியையும், அந்த ஸகாத் பட்டியல் போன்ற ஆவணங்களைத் திறக்கும் செயலியையும் அங்கே வைத்திருந்தால், திறந்த திரையோடு பறிபோனாலும் இன்னொரு பூட்டு மிஞ்சும். ஒன்றை நினைவில் வையுங்கள்: புதுத் தொலைபேசிக்கு மாறும்போது அந்த அறை தானாக இடம்பெயராது. உள்ளே இருப்பவற்றை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான ஒன்று 15 க்கு முன்பே வந்துவிட்டது, ஆனால் யாரும் பாவிப்பதாகத் தெரியவில்லை. திரை உடைந்தால் திருத்தும் கடையில் கடவு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். வீட்டுப் பெண்கள் ஹிஜாப் இல்லாமல் இருக்கும் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்க, முன்பின் தெரியாத ஒருவர் கையில் இரண்டு நாள். கடைக்காரர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள்தான். ஆனாலும் வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டா வருவோம்? சம்சுங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிபேர் மோட்’ என்று ஒரு நிலை உண்டு. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் திருத்துநர் தொலைபேசியைச் சோதிக்கலாம், ஆனால் உங்கள் படங்களும் செய்திகளும் அவருக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் உங்கள் பூட்டைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். திரை முற்றாகச் செத்துவிட்டால் இதை இயக்க வழியில்லை என்பது உண்மை.

வேகம் குறையும் என்ற பயத்துக்கு வருகிறேன். பெரிய பதிப்பு மாறிய முதல் ஓரிரு நாட்கள் தொலைபேசி சூடாவதும் தடுமாறுவதும் உண்டு, உள்ளே செயலிகளை ஒழுங்குபடுத்தும் வேலை நடக்கிறது. பிறகும் தொடர்ந்தால் பெரும்பாலும் இடம் நிரம்பியதுதான் காரணம். காலை வணக்கப் படங்களை அழித்தாலே பலருக்குப் பாதி இடம் கிடைக்கும். பாவிக்காத செயலிகளைத் தரவு அழியாமல் சுருக்கி வைக்கும் வசதியும் 15 இல் வந்திருக்கிறது. பெரிய பதிப்பைப் போடத் தயங்கினாலும் இடையில் வரும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது அதுதான்.

புதிதாக வாங்குபவர்கள் கெமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேட்க வேண்டும். விலை கூடியதில்தான் நீண்ட காலம் கிடைக்கும் என்றில்லை. சம்சுங் கேலக்ஸி ஏ16 நடுத்தர விலைக்கும் கீழானது, ஆறு பதிப்புகள் வரை தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. அப்டேட் நின்றுபோன பழைய தொலைபேசியை உம்மாவுக்குக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மோசடி அழைப்புகள் அதிகம் வருவதும் உம்மாவுக்குத்தான்.

இன்னும் ஒரு வேலை: தொலைபேசியில் நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும். அதை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான். வட்ஸ்அப் அல்லது கணக்கு ஏதும் பறிபோனால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

எங்கள் பொருளாளர் இப்போது பாவிப்பது மகனுடைய பழைய தொலைபேசி, அன்ட்ரொய்ட் 12. கடந்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்து தேடினோம், மூன்று பூட்டுகளும் இருந்தன. இயக்கி, எண்ணை உறுதிசெய்து முடிக்கப் பத்து நிமிடமும் போகவில்லை. பட்டியலை இம்முறை தொலைபேசியில் வைக்கவில்லை என்றார். பள்ளிவாசல் அலுமாரியில், பழைய மாதிரியே ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாராம்.