குலோத்துங்கன் பெயர் பூண்ட துறை

விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழ் அன்பர்கள் மாலையில் கடற்கரைக்குச் செல்வதும், விடுமுறை நாளில் விருந்தினரைச் சிம்மாசலத்திற்கு அழைத்துச் செல்வதும் வழக்கம். இவ்வூருக்குக் குலோத்துங்க சோழ பட்டினம் என்னும் பெயரும் வழங்கியதென்று பழைய கல்வெட்டுகள் கூறுவதை அவர்களிற் பலர் அறியார்.

முதற் குலோத்துங்கன் வேங்கி நாட்டுச் சாளுக்கிய மன்னன் இராஜராஜ நரேந்திரனின் மகன். தாய்வழியில் கங்கைகொண்ட இராஜேந்திரனின் பேரன். ஆகவே தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே உரிமை கொண்டாடத்தக்கவன் அவன். அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதை நாம் பரணியாகப் போற்றுகிறோம். ஆனால் அப்போரில் ஊர்கள் எரிந்தன என்பதும், எரிந்தவை இப்பகுதி மக்களின் ஊர்கள் என்பதும் இங்கு நின்று நினைக்கும்போதுதான் நன்கு உறைக்கிறது.

நகருக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்மாசலத்தில் அம்மன்னன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இன்று நாம் காணும் கோயிலின் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் காலத்தில் எழுந்தது. கலிங்கத்துக் கஜபதியோடு போர் புரிந்த கிருஷ்ணதேவராயரோ 1516-இல் இங்கு வந்து வழிபட்டு முத்தாரம் சாத்தினார். படையெடுத்து வந்தவரும், அவரை எதிர்த்தவரும் ஒரே சந்நிதியில் கைகூப்பியிருக்கின்றனர். இறைவன் திருமேனி ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும்; அட்சய திருதியை ஒரு நாள் மட்டுமே நிஜரூப தரிசனம். அன்று கூட்டம் மிகுதி. தூண்களின் எழுத்துகளையும் சிற்பங்களையும் பார்க்க விரும்புவோர் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்வதே நலம்.

இனித் துறைமுகம். கடலுள் நீண்டு நிற்கும் குன்றை ஆங்கிலேயர் டால்பின் மூக்கு என்று அழைத்தனர். தென்மேற்குக் காற்றை அது தடுப்பதால் உட்புறத்து உப்பங்கழி அமைதியாக இருந்தது. எனினும் சேறு நிறைந்த அக்கழியைத் தூர்வாரி ஆழப்படுத்தினாலன்றிப் பெருங்கப்பல்கள் நுழைதல் இயலாது. கடலலை ஓயாது கொணரும் மணலைத் தடுக்கப் பழைய கப்பல்கள் இரண்டை வாயிலருகே மூழ்கடித்தும் பார்த்தனர்! 1931-இல் இராய்ப்பூர் - விஜயநகரம் இருப்புப் பாதை முற்றுப்பெற்றது. மத்திய மாகாணத்து மாங்கனீசுத் தாது கடலுக்குக் குறுக்கு வழி கண்டது. 1933-இல் துறைமுகம் திறக்கப்பட்டது.

துறைமுகம் வளத்தோடு ஆபத்தையும் கொணர்ந்தது. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இங்குக் குண்டு வீசின. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு அகன்றனர். ஆறு ஆண்டுகள் கழியுமுன், 1948 மார்ச்சில், இங்குள்ள தளத்தில் கட்டிய ‘ஜல உஷா’ என்னும் கப்பலைப் பிரதமர் நேரு கடலில் மிதக்கவிட்டார். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரியும்வரை இவ்வூரும் மதுரையும் திருநெல்வேலியும் ஒரே சென்னை அரசின் கீழ் இருந்தன என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

கடற்கரைச் சாலையில் ‘குர்சுரா’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் காட்சிச்சாலையாக நிற்கிறது. 1969 முதல் 2001 வரை கடற்படையில் பணிபுரிந்த கப்பல் அது. உள்ளே நடக்கும் வழி மிகக் குறுகியது; அந்த இடுக்கில் மாலுமிகள் பல நாட்கள் கடலடியில் உண்டு உறங்கினர் என்பதை உடன்வரும் சிறுவர்க்குச் சொல்லிக் காட்டலாம்.

பீமுனிப்பட்டினம் செல்லும் வழியில் தொட்லகொண்டா என்னும் குன்று உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பௌத்த விகாரத்தின் அடித்தளங்களை அங்கே அகழ்ந்து கண்டனர். துறவிகள் மழைநீரைச் சேமிக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளே குன்றுக்குப் பெயரளித்தன. நம் தொட்டியும் அவர்கள் தொட்டியும் ஒரே சொல்தான். அங்கிருந்து நோக்கினால் கீழே கடல் விரிந்து கிடக்கிறது. நிழல் குறைவாதலின் காலையிலேயே ஏறிவிடுதல் வேண்டும். குடிநீரும் கையோடு கொண்டு செல்க.