ஆப்பிளை யாரும் கேட்கவில்லை

எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.

இன்னைக்கு ஒரு அட்டைப் பெட்டியோட வரலாறு பேசப் போறோம்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து, வண்டலூர் பக்கமோ பொத்தேரி பக்கமோ கொஞ்ச தூரம் போய்ப் பாருங்க. பிரியாணி, ஷவர்மா, பர்கர், ஃப்ரைட் சிக்கன்னு போர்டு மாறி மாறி வரும். இருபது, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி, "வெளிய சாப்பிடலாமா?"ன்னு ஒரு குழந்தையைக் கேட்டா பரோட்டா, மசால் தோசை, மிஞ்சிப்போனா ஒரு ரோஸ் மில்க். இப்ப அதே கேள்விக்குப் பதிலா ஒரு செயின் கடையோட பேரைத்தான் சொல்லுது. அங்க போனா குழந்தைக்குன்னே தனி காம்போ. சின்ன பர்கர், ஃப்ரைஸ், ஒரு டிரிங்க், ஒரு பொம்மை.

இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? குழந்தையா, அப்பா அம்மாவா, கம்பெனியா, சட்டமா? எபிசோட் முழுக்க இந்தக் கேள்விதான்.

பெட்டி பிறந்த கதையில இருந்து ஆரம்பிப்போம். 1970-கள்ல குவாத்தமாலா நாட்டுல மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தின யோலாண்டா ஃபெர்னாண்டஸ் தெ கோஃபினோ ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. பெரியவங்க அளவுச் சாப்பாட்டைக் குழந்தைங்களால முடிக்க முடியல. அதனால சின்ன பர்கர், சின்ன ஃப்ரைஸ்னு ஒரு குழந்தைகள் செட் போட்டாங்க. பிறகு அமெரிக்காவுல, கான்சாஸ் சிட்டியில விளம்பர ஏஜென்சி வெச்சிருந்த பாப் பெர்ன்ஸ்டைன் அதைப் படம் போட்ட பெட்டியா மாத்தினார். 1979-ல 'ஹேப்பி மீல்'ங்கிற பேர்ல அது நாடு முழுக்கப் போச்சு. பர்கர் செஃப்னு ஒரு போட்டிக் கம்பெனி 1973-லயே இதே மாதிரி ஒண்ணு வித்துட்டிருந்தாங்க. கேஸ் போட்டாங்க, தோத்துட்டாங்க. அந்தக் கம்பெனி இப்ப இல்லை.

தொடக்கத்துல அளவைக் குறைக்கணும்ங்கிற நியாயமான யோசனைதான் இருந்துச்சு. அப்புறம் பொம்மை வந்துச்சு. சீட்டோஸ் பாக்கெட்டுக்குள்ள டாஸோ தேடின 90-ஸ் கிட்ஸுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. சிப்ஸ் தீர்ந்தா என்ன, டாஸோ கிடைச்சுதாங்கிறதுதான் நமக்குக் கேள்வி.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். பெட்டியில குழந்தை மிச்சம் வைக்காம சாப்பிடறது ஃப்ரைஸ். மெக்டொனால்ட்ஸ் அதை ரொம்ப வருஷமா மாட்டுக் கொழுப்புலதான் பொரிச்சாங்க. அதுல நிறைவுற்ற கொழுப்பு அதிகம், இதயத்துக்கு ஆகாதுன்னு எதிர்ப்பு கிளம்ப, 1990-ல தாவர எண்ணெய்க்கு மாறினாங்க. கேக்க நல்ல செய்திதான். ஆனா அந்த எண்ணெய் ஹைட்ரஜன் ஏத்தி கெட்டிப்படுத்தினது. நம்ம ஊர்ல வனஸ்பதி, டால்டான்னு சொல்றோமே, அந்த வகையறா. அதுல டிரான்ஸ் கொழுப்பு இருந்துச்சு, இதயத்துக்கு அது இன்னும் மோசம்னு ஆய்வுகள் சொல்ல ஆரம்பிச்சுது. 2002-ல "குறைக்கிறோம்"னு கம்பெனி அறிவிச்சுது. அமெரிக்கக் கடைகள்ல முழுசா மாற 2008 ஆச்சு. சட்டியை இறக்கி அடுப்புல விழுந்த கதை.

இந்தியாவுல இதுக்கு சட்டம்தான் வேலை செஞ்சுது. எண்ணெய், கொழுப்புப் பொருட்கள்ல டிரான்ஸ் கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு முதல்ல ஒரு வரம்பு, அப்புறம் 5, 2021 ஜனவரியில 3, 2022 ஜனவரியில 2. பர்கர் கடைக்கும் அதே விதி, தெருமுனை பப்ஸ் கடை பேக்கரிக்கும் அதே விதி. யாரும் எதையும் "கேட்டு வாங்க" வேண்டியதில்லை. இந்தப் புள்ளியை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

அடுத்து ஆப்பிள். 2004 வாக்குல மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவுல, ஃப்ரைஸுக்குப் பதிலா ஆப்பிள் துண்டுகள் வாங்கிக்கலாம்னு ஒரு வாய்ப்பு குடுத்தாங்க. தொட்டுக்க கேரமல் சாஸ் வேற, அது தனிக் கொடுமை. 2011-ல கம்பெனியே ஒரு கணக்கை வெளியிட்டுச்சு. ஆப்பிள் கிடைக்கும்னு 88 சதவீத வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். ஆனா 11 சதவீதம் ஹேப்பி மீல்லதான் ஆப்பிள் கேட்டு வாங்கினாங்க. விழிப்புணர்வு, விழிப்புணர்வுன்னு பேசறோம் பாருங்க, அந்த விழிப்புணர்வு ஏற்கெனவே வந்தாச்சு. இருந்தும் கவுன்டர்ல நிக்கும்போது, பின்னாடி வரிசை நீளும்போது, குழந்தை அழும்போது, வாயில வர்றது "ஃப்ரைஸ்"தான்.

அதே வருஷம் கம்பெனி வேற வழி எடுத்துச்சு. கேட்டாலும் கேக்காட்டியும் எல்லாப் பெட்டியிலயும் ஆப்பிள் வரும், ஃப்ரைஸ் அளவு பாதிக்கும் கீழ குறையும். 2012-க்குள்ள அமெரிக்கா முழுக்க இது அமலுக்கு வந்துச்சு. 2013-ல குழந்தைகள் மெனு போர்டுல இருந்து சோடாவை எடுக்க ஒத்துக்கிட்டாங்க. கேட்டா கிடைக்கும், ஆனா போர்டுல இருக்காது. 2018-ல சீஸ் பர்கரும் அதே வழியில ஹேப்பி மீல் போர்டை விட்டு இறங்குச்சு. அதுவும் கேட்டா உண்டு.

கம்பெனிக்குத் திடீர்னு ஞானோதயம் வந்துடுச்சான்னா, வெளிய இருந்த நெருக்கடியையும் பார்க்கணும். 2010 நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோ நகர நிர்வாகம், கலோரி, உப்பு, கொழுப்பு அளவுக்குள்ள இல்லாத குழந்தைகள் சாப்பாட்டோட இலவசப் பொம்மை குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. 2011 டிசம்பர் 1-ல அது அமலுக்கு வந்த நாள், மெக்டொனால்ட்ஸ் என்ன பண்ணுச்சு தெரியுமா? பொம்மைக்கு 10 சென்ட் விலை வெச்சுடுச்சு. "இப்ப இலவசம் இல்லையே!" அந்தக் காசை அவங்க அறக்கட்டளைக்கே குடுத்துட்டாங்க. கெட்டிக்காரத்தனம்னு சிரிக்கலாம், ஆனா அந்த ஊர்க் குழந்தைங்க தட்டுல எதுவும் மாறல. சிலி நாடு இன்னும் கறாரா இருந்துச்சு. 2016 ஜூன்ல இருந்து, சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம்னு கறுப்பு முத்திரை வாங்கின உணவோட பொம்மையே சேர்க்க முடியாது. கலிஃபோர்னியா 2019-ல, குழந்தைகள் காம்போல தானா வர்ற பானம் தண்ணியாவோ பாலாவோதான் இருக்கணும்னு ஆக்குச்சு.

நம்ம பக்கம் வருவோம். 1995-ல கே.எஃப்.சி. பெங்களூருக்கும், 1996 அக்டோபர்ல மெக்டொனால்ட்ஸ் டெல்லிக்கும் வந்துச்சு. அதே 1996-லதான் சென்னையில பிட்சா கார்னர் ஆரம்பிச்சாங்க. இங்க இந்தக் கடைகள் அவசரச் சாப்பாடா வரல. பர்த்டே பார்ட்டியா, பரிட்சை முடிஞ்ச ட்ரீட்டா வந்துச்சு. அமெரிக்கால ஏழைங்களோட மலிவுச் சாப்பாடு, இங்க மிடில் கிளாஸோட கௌரவம்.

மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுல மாட்டுக்கறியை மெனுவுல இருந்தே தூக்கிட்டு, சைவத்துக்குத் தனி, அசைவத்துக்குத் தனின்னு கிச்சனையே பிரிச்சுது. முட்டை இல்லாத மயோனைஸ் செஞ்சுது. உருளைக்கிழங்கு டிக்கி வெச்சு ஒரு பர்கரே கண்டுபிடிச்சுது. அதாவது, "ரெசிபியை மாத்த முடியாது, உலகம் முழுக்க ஒரே ஸ்டாண்டர்டு"ங்கிற பேச்சு இங்க செல்லாது. வாங்கறவங்க ஒரு விஷயத்துல விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா, கம்பெனி கிச்சனையே இடிச்சுக் கட்டும். நம்ம ஆளுங்க சாதி, மதம் சம்பந்தப்பட்ட விஷயத்துல விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சர்க்கரை, உப்பு விஷயத்துல நாம அப்படி அடம் பிடிக்கவே இல்லை.

சட்டம்? 2010-ல டெல்லி உயர் நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்கு வந்துச்சு. பள்ளிகளைச் சுத்தி 500 கஜத்துக்குள்ள, அதாவது சுமார் 450 மீட்டருக்குள்ள, ஜங்க் ஃபுட் விற்கக் கூடாதுன்னு கேட்டாங்க. 2015-ல தீர்ப்பு. 2020-ல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளை வெளியிட்டுச்சு. 2021 ஜூலையில அமல். கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பண்டங்களைப் பள்ளி கேன்டீன்லயும், கேட்ல இருந்து எந்தத் திசையிலயும் 50 மீட்டருக்குள்ளயும் பிள்ளைங்களுக்கு விற்கக் கூடாது. கேட்டது 450 மீட்டர், கிடைச்சது 50. ஜி.எஸ்.டி. ரோட்டு மேல கேட் இருக்குற ஒரு பள்ளியை நினைச்சுக்கோங்க. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போறதுக்குள்ளயே அந்த 50-ல பெரும்பகுதி கரைஞ்சிடும்.

ஆனா நம்ம அரசாங்கத்துக்கு வேகமே கிடையாதுன்னும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில ரோடமின்-பி சாயம் கலந்திருக்குன்னு பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு தடை பண்ணுச்சு. 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருஷத் தடை. இன்னைக்கே வயித்தைக் கலக்கற பொருளுக்கு உடனே தடை. முப்பது வயசுல சுகர் கொண்டு வர்ற பொருளுக்கு 50 மீட்டர். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டுல பெண்கள்ல 40 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவங்க. இதெல்லாம் ஒரே ராத்திரியில வந்ததில்லை.

"கேக்காமலே வர்ற நல்ல சாப்பாடு" அமெரிக்கா 2012-ல கண்டுபிடிச்ச யோசனைன்னு நினைச்சுடாதீங்க. 1920-ல சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில, ஆயிரம் விளக்கு பள்ளியில பிள்ளைங்களுக்கு டிபன் குடுக்க முடிவு பண்ணுச்சு. தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம. 1956-ல காமராஜரோட மதிய உணவு. 1982 ஜூலை 1-ல திருச்சி பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். தொடங்கின சத்துணவு. 2022 செப்டம்பர்ல 1,545 பள்ளிகள்ல தொடங்கி, அடுத்த வருஷம் மாநிலம் முழுக்கப் போன காலை உணவு. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்துலயே இருக்கு, வேகமா தாண்டிடறேன். நான் நிக்க விரும்பறது முட்டைக்கிட்ட.

1989-ல சத்துணவுல முட்டை வந்தப்போ, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. 1998-ல வாரம் ஒண்ணு. 2006-ல ரெண்டு, 2007-ல மூணு, 2010-ல அஞ்சு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுல இருந்து பள்ளிக்கூட நாள் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுன்னு ஆக 21 வருஷம் ஆயிருக்கு. இடையில ஆட்சி மாறிச்சு. முட்டை குறையவே இல்லை.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன? வாழைப்பழம். கவனிச்சீங்களா? தட்டுல தானா வர்றது முட்டை, வேணாம்னு சொன்னாதான் பழம். வேற சில மாநிலங்கள்ல இதையே தலைகீழா வெச்சு, முட்டை குடுக்கலாமா கூடாதான்னு வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டிருக்காங்க. ஆப்பிள் விஷயத்துல ஒரு பெரிய கம்பெனி 2011-ல கத்துக்கிட்ட பாடத்தை, நம்ம சத்துணவு ஆயா 1989-ல இருந்தே கரண்டியில வெச்சிருந்தாங்க.

இதுல நெருடற விஷயம் ஒண்ணு இருக்கு. கூடுவாஞ்சேரியிலயே ஒரே தெருவுல ரெண்டு பசங்க. ஒருத்தன் அரசுப் பள்ளி. அவன் தட்டுல எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, என்னைக்கு பயறுன்னு அரசாணை இருக்கு. எதிர்வீட்டுப் பையன் தனியார் பள்ளி. லன்ச் பாக்ஸ்ல நூடுல்ஸ், சாயங்காலம் டெலிவரி ஆப்ல நக்கட்ஸ், ஞாயித்துக்கிழமை காம்போ. வசதியான வீடுதானே, நல்லாதான் சாப்பிடுவான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டோம். 2025 மே மாசம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள்ல 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லுச்சு. எந்தப் பானத்துல எவ்வளவு சர்க்கரைன்னு எழுதி மாட்டற பலகை. நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா அந்த 88-க்கும் 11-க்கும் நடுவுல இருக்குற பள்ளத்தை ஒரு பலகை எப்படி நிரப்பும்னு எனக்குப் புரியல.

அடுத்த தடவை குழந்தையோட கடைக்குப் போறவங்க ஒரு சின்ன வேலை செய்யுங்க. எதுவும் ஸ்பெஷலா கேக்காம, "ஒரு கிட்ஸ் மீல்"னு மட்டும் சொல்லிட்டு, டிரேல என்ன வருதுன்னு பாருங்க. பானமா கோலா வந்துச்சா, பால் வந்துச்சா, தண்ணி வந்துச்சா? கடை பேரையும் வந்த பானத்தையும் எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வர்றதை அடுத்த மாசம் ஒரு எபிசோடா போடறோம்.