முகக்கவசமும் தடுப்பூசியும்: கட்டாயத்தின் இருவேறு நியாயங்கள்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசத்தையும் தடுப்பூசியையும் கட்டாயமாக்கிய ஆணைகளை, ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பெரும்பாலும் ஒரே தட்டில் வைத்தே வாதிட்டனர். அரசு ஒரு மனிதரைக் கட்டாயப்படுத்துவதற்கான நியாயம், அக்கட்டாயம் யாரைக் காக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும் என்பதால், இவ்விரண்டையும் பிரித்தே எடைபோட வேண்டும்.

தடுப்பூசி தரும் பாதுகாப்பு மூவகைப்பட்டது: தொற்றாமல் காப்பது, தொற்றினாலும் நோய் முற்றாமல் காப்பது, தொற்றியவரிடமிருந்து பிறருக்குப் பரவாமல் தடுப்பது. கொரோனாத் தடுப்பூசிகள் இவற்றுள் இரண்டாவதில் பெருவெற்றி கண்டன. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில், தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், தடுப்பூசியே போடாத 17,059 பேரில் 20 பேரும், இரண்டு தவணையும் போட்டுக்கொண்ட 67,673 பேரில் 4 பேரும் இறந்திருந்தனர். அதாவது ஆயிரம் பேருக்கு 1.17 என்ற இறப்பு விகிதம் 0.06 ஆகக் குறைந்திருந்தது. வயது, இணைநோய் ஆகியவற்றின் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்காதது அந்த ஆய்வின் குறை என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை அக்குறையால் மட்டும் விளக்கிவிட முடியாது.

பரவலைத் தடுப்பதில் நிலைமை வேறு. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பார்ன்ஸ்டபிள் மாவட்டத்தில் தொற்றுக்கு ஆளான அம்மாநிலத்தவர் 469 பேரில் 346 பேர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். தகுதியுடைய மக்களில் 69 விழுக்காட்டினர் ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்த மாநிலம் அது என்பதால், இந்த எண்ணிக்கையைக் கொண்டு தடுப்பூசி பயனற்றது என முடிவுகட்டுவது பிழை. அந்த 469 பேரில் எவரும் இறக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆயினும் டெல்டா திரிபு தொற்றிய நிலையில், தடுப்பூசி போட்டவர், போடாதவர் இருசாராரின் சளி மாதிரிகளிலும் வைரஸ் அளவைக் காட்டும் குறியீடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் தேவையில்லை என்று மே 13 அன்று அறிவித்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்று மிகுந்த பகுதிகளில் உள்ளரங்குகளில் அவர்களும் அணிய வேண்டும் என்று ஜூலை 27 அன்று தன் நிலையை மாற்றிக்கொண்டது.

முகக்கவசம் அணிபவரை ஓரளவு காப்பதோடு, அவர் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெளிப்படும் துகள்களையும் தடுப்பதால், எதிரில் இருப்பவருக்கான கடமையாகவும் ஆகிறது. பயனின் அளவை மிகைப்படுத்தலாகாது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், முகக்கவசங்களை வீட்டிலேயே இலவசமாகத் தந்து, சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆட்கள் நின்று நினைவூட்டியதால் முறையாக அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்தனர். இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறியுடன் கூடிய தொற்றோ ஏறத்தாழ 9 விழுக்காடுதான் குறைந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அணியாதிருந்தும் கிடைத்த பயன் இது என்பதும், அபராதமின்றியே இது கைகூடியது என்பதும் கருதத்தக்கவை.

இந்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் சரியாகவே இனங்கண்டது. நாட்டின் தடுப்பூசிக் கொள்கையைக் குறைகாணாமல் ஏற்ற நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் உடல்மீதான உரிமையை முன்னிட்டு எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட இயலாது என்றது. போடாதவர்கள் பொது இடங்களில் நுழைவதற்குத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் விதித்த தடைகளை, போட்டவரைவிடப் போடாதவர் மிகுதியாகப் பரப்புகிறார் எனக் காட்டும் தரவு முன்வைக்கப்படாத நிலையில், அளவுக்கு மிஞ்சியவை எனக் கருதி, தொற்று குறைந்திருக்கும் வரை விலக்கிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. முகக்கவசம் போன்ற பிற நோய்த்தடுப்பு நடைமுறைகளுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்பை எல்லாத் தடுப்பூசிகளுக்கும் நீட்டிப் படிப்போர் அதன் அடிப்படையையே தவறவிடுகின்றனர். இரண்டு தவணையில் ஏறத்தாழ 97 விழுக்காடு பாதுகாப்புத் தந்து, பரவலையும் வலுவாகத் தடுக்கும் தட்டம்மைத் தடுப்பூசி இதே அளவுகோலால் ஆராயப்பட்டால், பள்ளிச் சேர்க்கைக்கு அதை நிபந்தனையாக்குவது அளவுக்கு மிஞ்சியதாகாது. அங்கே போடாத குழந்தையால் ஆபத்து நேர்வது, தடுப்பூசிக்குரிய வயதை எட்டாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும்தான்.