பரையா: ஓர் ஆங்கிலச் சொல் மறைத்த நிலம்



ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. கட்சி ஓரங்கட்டிய தலைவரும் ஊழலில் சிக்கிய வங்கிக்காரரும் அங்கே 'பரையா'தான். இது ஒரு சாதியின் பெயர் என்ற நினைப்பு எழுதுகிறவருக்கு இருப்பதில்லை. மலேசியத் தமிழர்களுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. மலாய் மொழியில் அது வசையாகவே வந்து விழுகிறது.

பறையர் என்ற சொல்லை ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கீசியர்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா எழுதிய மலபார் குறிப்புகளிலேயே அதன் ஒரு வடிவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 1613இல் பர்ச்சாஸின் பயணத் தொகுப்பில் அச்சேறியது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, பறை அடிப்பவர் என்பதே மூலப்பொருள் என்றது. கால்டுவெல்லும் அப்படியே சொன்னார். இன்றைய அகராதிகளும் பறையோடு நிறுத்திக்கொள்கின்றன.

நிறுத்தக் கூடாத இடம் அது. 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் பண்ணையாள், படியாள், கூலியாள். நெல் வயலில் வேலை செய்தவர்கள். புறநானூற்றின் 335ஆம் பாடலில் பறையன் குறையற்ற நான்கு குடிகளில் ஒன்றாக நிற்கிறான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியே பிரித்துக் காட்டப்படுகின்றன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நிலம் யார் கைக்குப் போனது என்ற கேள்வியைப் பறை என்ற ஒற்றை விளக்கம் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஐரோப்பா இந்தச் சொல்லை என்ன செய்தது என்று பாருங்கள். 1791இல் பெர்னார்தென் தெ சேன்-பியேர் பிரெஞ்சில் 'இந்தியக் குடிசை' என்ற கதையை எழுதினார். உண்மையைத் தேடிவந்த ஆங்கில அறிஞர் ஒருவர் புரி ஜெகந்நாதத்தில் தலைமைப் பிராமணரைக் கண்டு ஏமாந்து திரும்புகிறார். வழியில் புயல். காட்டுக்குள் ஒரு பரையாவின் குடிசையில் ஒதுங்குகிறார். தேடியது அங்கே கிடைக்கிறது. தமிழ்ச் சாதிப் பெயர் ஒரிசாவுக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை! அந்தப் பரையா தனி மனிதன். அவனுக்குச் சேரி இல்லை, மிராசுதார் இல்லை, அறுவடைக் கூலி இல்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வயலில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு மக்கள்கூட்டம் காட்டில் வாழும் ஞானியாக மாறியது அங்கேதான்.

பிறகு அந்தப் பாத்திரத்துக்கு மவுசு கூடியது. 1821இல் தெலாவீனின் நாடகம், 1823இல் பெர்லினில் மிகையேல் பேரின் நாடகம், 1824இல் கதேயின் கவிதைகள், 1829இல் தோனிசெத்தியின் இசைநாடகம். பேர் ஒரு யூதர். பரையாவின் வாயால் அவர் பேசியது ஜெர்மானிய யூதர்களின் துயரத்தை. ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன்னையே பரையா என்று அழைத்துக்கொண்டு பயணநூல் வெளியிட்டார். 1944இல் ஹன்னா அரெண்ட், தன் நிலையை உணர்ந்து கலகம் செய்யும் பரையா என்ற பெர்னார் லசாரின் கருத்தை எடுத்து வளர்த்தார். இவர்கள் யார்மீதும் எனக்கு வருத்தமில்லை. ஒடுக்கப்பட்டவர் இன்னொரு ஒடுக்கப்பட்டவரின் பெயரைக் கடன் வாங்குவது தோழமைதான்.

எனக்கு வழக்கு மாக்ஸ் வெபரோடு. சமூகவியல் வகுப்பில் 'பரையா மக்கள்' என்ற அவருடைய கருத்தாக்கத்தைப் படித்திருப்பீர்கள். சடங்கால் விலக்கப்பட்ட விருந்தாளி மக்கள் என்பது அவர் தரும் விளக்கம். யார் விருந்தாளி? எல்லைத் தகராறு வந்தால் பறையரை அழைத்து எல்லையை நடந்து காட்டச் சொல்லும் வழக்கத்தைத் தர்ஸ்டன் 1909இல் பதிவுசெய்திருக்கிறார். ஊரின் எல்லையை அறிந்தவர்கள் அந்த ஊருக்கு விருந்தாளிகளாம்!

இதே சொல்லைத் தலைப்பில் தாங்கிய வேறொரு ஆவணமும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு'. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் எப்படித் தடுக்கிறார், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் வாயைத் திறந்தவர் எப்படி வெளியேற்றப்படுகிறார் என்று அது சொல்கிறது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையால் பிறந்தவையே பஞ்சமி நிலங்கள். இலக்கியப் பரையாவை அறிந்த ஐரோப்பிய வாசகரில் எத்தனை பேர் இதைப் புரட்டியிருப்பார்கள்?

பெயர் பற்றி நம் முன்னோடிகளுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரை ஒளித்தால் உரிமை கேட்க முடியாது என்பது அவர் கணக்கு. அயோத்திதாசர் அந்தப் பெயரே பகைவர் சூட்டியது என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' இடம்பெற்றது. மூவருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது.

1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். திரமென்ஹீர் குறிப்பு எழுதிய அதே மாவட்டம். ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தச் சொல்லைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் அகராதியோடு உங்கள் தாலுகா அலுவலகத்தின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தச் சர்வே எண்கள் 'டி.சி. நிலம்' என்று இருந்தன, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.